பதினாலு வயசுப் பதிவுக்கு இருபத்தோரு வயசுல தண்டனையா?

கேள்வி கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்தது. கேட்டவர் பையனின் தாய்மாமன். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்:

"என்ற அக்கா பையனுக்கு இப்ப 21 வயசு. வேகப்பந்து போடுவான். இந்த வருசம் ஒரு டி20 அணி அவனைச் சம்பளத்துக்கு எடுத்திருக்குது. பேரு வெளிய வந்த கையோட, அவன் ஒன்பதாவது படிக்கையில ஃபேஸ்புக்குல போட்டதை எவனோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப்புல உட்டுட்டான். சாதிப் பெருமை பேசி, வளவுச் சனத்தை, அதாவது தலித் தெருக்காரங்களை, கேவலமா எழுதியிருக்கறான். படிச்சா எனக்கே கூசுது. அணியில இருந்து தூக்கோணும்னு ஒரு கூட்டம் சொல்லுது. 'நம்ம சிங்கம்டா'ன்னு அவனை வெச்சுக் கொண்டாடுது இன்னொரு கூட்டம். அணி மேனேஜர் நேர்ல வரச் சொல்லியிருக்கறார். சின்ன வயசுல எழுதுனதுக்கு இப்பத் தண்டிக்கிறது ஞாயமுங்களா? அழிச்சுப்போட்டுக் கம்முனு இருந்துட்டாப் போதுமுங்களா?"

அண்ணா, நான் ஈரோட்டில் வக்கீல். லீக் கிரிக்கெட் ஆடியவன். விளையாட்டுக்காரர்கள் மேல் நடக்கும் ஒழுங்கு விசாரணைகளில் ஆட்டக்காரருக்காகவும் உட்கார்ந்திருக்கிறேன், விசாரிக்கிறவர்கள் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. தண்டிப்பது ஞாயமா என்றால், இல்லை. அழித்துவிட்டுக் கம்மென்று இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. முதல் பதிலைக் கேட்டு நிம்மதியாகி இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். பையனின் பிழைப்பும் மரியாதையும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

தண்டிக்க ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். அவன் அதை எழுதிய அன்றைக்கு அந்த அதிகாரம் உங்கள் அக்காவிடமும் மச்சானிடமும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு இருந்தது. சாயங்காலம் வலைப்பயிற்சி கொடுத்த கோச்சுக்கு இருந்தது. இன்றைக்கு அவனை எடுத்திருக்கிற அணிக்கும் அவனுக்கும் அன்றைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் எந்த நடத்தை விதியிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தாலும் 14 வயதுப் பையனின் கையெழுத்து செல்லாது. ஒப்பந்தத்தில் இருக்கும் நடத்தை விதி கையெழுத்திட்ட நாளிலிருந்துதான் ஆளைக் கட்டும். பின்னால் வந்த சட்டத்தை வைத்து முன்னால் செய்ததைக் குற்றமாக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20ஆவது பிரிவே சொல்கிறது. அது குற்றவியல் வழக்குக்கான பாதுகாப்பு, அணி ஒப்பந்தத்தை நேரடியாகக் கட்டாது. ஆனால் எது நேர்மை என்று இந்த நாடு நினைக்கிறது என்பதை அது காட்டுகிறது.

இளைஞர் நீதிச் சட்டம், 2015 இன்னும் தெளிவாகப் பேசுகிறது. உங்கள் பையன் 14 வயதில் எழுதாமல், கல்லெடுத்து ஒருவன் மண்டையை உடைத்திருந்தான் என்று வையுங்கள். இளைஞர் நீதிக் குழுமம் விசாரித்திருக்கும். அவன் பெயரையோ படத்தையோ பள்ளியையோ பத்திரிகையில் போட்டிருந்தால், 74ஆவது பிரிவின்படி போட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேஸ் முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கழிந்த பிறகு அந்த ஆவணங்களையே அழிக்கச் சொல்கிறது 24ஆவது பிரிவு. அந்தத் தீர்ப்பு பிற்பாடு அவனுக்கு எந்தத் தகுதியிழப்பையும் கொண்டுவராது. 16 வயதைத் தாண்டி, ஏழு வருடத்துக்குக் குறையாத தண்டனை உள்ள கொடுங்குற்றத்தைச் செய்து, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. சட்டத்தின் 3ஆவது பிரிவில் இதற்கு ஒரு கொள்கையாகவே பெயர் வைத்திருக்கிறார்கள்: புதிய தொடக்கம். மண்டையை உடைத்த பையனுக்கே அதைக் கொடுக்கிற நாட்டில், கேவலமாக எழுதிய பையனுக்கு மட்டும் இல்லை என்று ஒரு கிரிக்கெட் அணி சொல்வது பொருந்தாது.

வெளிநாட்டில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். மேனேஜர் மனதில் அந்தப் பெயர்கள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாருக்கும் ஞாபகம் வருவது இங்கிலாந்தின் ஒல்லி ராபின்சன். 2021 ஜூன் 2, லார்ட்ஸ் மைதானம், நியூசிலாந்துக்கு எதிராக அவருடைய முதல் டெஸ்ட். ஆட்டம் தொடங்கும் முன் இங்கிலாந்து வீரர்கள் பாகுபாட்டுக்கு எதிரான வாசகம் போட்ட சட்டை அணிந்து நின்றார்கள். அவரும் அந்த வரிசையில் நின்றார். அன்றைக்கே, 2012 முதல் 2014 வரை அவர் ட்விட்டரில் எழுதிய இனவெறிப் பதிவுகளும் பெண்களை இழிவு செய்யும் பதிவுகளும் வெளியே வந்தன. சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் கேமரா முன்னால் மன்னிப்பு வாசித்தார். அந்த டெஸ்டில் ஏழு விக்கெட் எடுத்தார், 42 ரன் அடித்தார். டெஸ்ட் முடிந்த கையோடு சர்வதேச ஆட்டங்களிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிறகு ஒழுங்கு ஆணையம் எட்டு ஆட்டத் தடை விதித்தது. அதில் ஐந்தை இரண்டு வருடத்துக்கு நிறுத்திவைத்தது, மூன்றை ஏற்கெனவே கழிந்ததாக எடுத்துக்கொண்டது. 3,200 பவுண்டு அபராதம். ஆகஸ்டில் இந்தியாவுக்கு எதிராகத் திரும்பி வந்து நான்கு டெஸ்டில் 21 விக்கெட் எடுத்தார். லீட்ஸில் நம் ஆட்களை அவர் சாய்த்தது நினைவிருக்கும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் வயது. ராபின்சன் அவற்றை எழுதியபோது வயது 18 முதல் 20. வாக்குப் போடும் வயது. அவரைச் சிறுபிள்ளை என்று வாதாட என்னாலும் முடியாது. அவர் விஷயத்தில் என் குறை, முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு விசாரித்தார்கள் என்பது மட்டும்தான். கால்பந்தில் ஆந்த்ரே கிரே என்றொருவர். 2012இல் ஓரினச் சேர்க்கையாளர்களைப் பற்றி மோசமாக எழுதியது 2016இல் வெளியே வந்தது. நான்கு ஆட்டத் தடை, 25,000 பவுண்டு அபராதம். எழுதியபோது அவருக்கு 20 வயது. அப்போதே ஆட்டக்காரர், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் விதிக்குள் இருந்தவர். அந்தத் தண்டனையை நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் பையனுக்குப் பொருந்தும் உதாரணம் அதே 2021 ஜூனில் நடந்த இன்னொன்று. ராபின்சன் விவகாரம் ஓடிக்கொண்டிருந்தபோது, வேறொரு இங்கிலாந்து வீரரும் பழைய இனவெறிப் பதிவு போட்டிருக்கிறார் என்பது கிரிக்கெட் செய்தி போடும் விஸ்டன் இணையதளத்துக்குத் தெரியவந்தது. எழுதியபோது அவருக்கு 16 வயது ஆகியிருக்கவில்லை. செய்தியைப் போட்டார்கள், பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் எத்தனை லட்சம் பேர் படித்திருப்பார்கள்! ஒரு பத்திரிகைக்கு அந்த அளவு மனசாட்சி இருந்தது எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் படுகிறது. அமெரிக்கக் கால்பந்தில் கைலர் முர்ரே 14, 15 வயதில் எழுதியது, 2018 டிசம்பரில் கல்லூரி அளவில் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருதை அவர் வாங்கிய ராத்திரியே வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

ஜாஷ் ஹேடர் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அப்போது மில்வாக்கி அணிக்கு ஆடிய பேஸ்பால் வீரர். 2018 ஜூலையில் நட்சத்திர ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, அவர் 17 வயதில் எழுதிய இனவெறிப் பதிவுகள் பரவின. லீக் அவரைத் தடை செய்யவில்லை, உணர்திறன் பயிற்சிக்குப் போகச் சொன்னது. அது சரியான முடிவு. ஆனால் அதற்குப் பிறகு சொந்த ஊர் மைதானத்தில் அவர் பந்து போட வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கேலரியில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கறுப்பினத் தகப்பன் அந்தக் கைதட்டலை எப்படிக் கேட்டிருப்பார்? தண்டிக்காமல் விடுவது வேறு, கொண்டாடுவது வேறு. உங்கள் வாட்ஸாப் குரூப்பில் 'நம்ம சிங்கம்டா' என்று போடுகிறவர்கள் செய்வது அந்தக் கைதட்டலைத்தான். அணியிலிருந்து தூக்கச் சொல்கிறவர்களைவிட இவர்களைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

நம் சீமையில் இந்த வார்த்தைகள் லேசானவை இல்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காக, ஓமலூர் பக்கத்தில் பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. முதல் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் ஊர் டீக்கடைகளில் வளர்ந்த ஆண்கள் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள், பக்கத்தில் சின்னப் பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் உடுமலைப்பேட்டையில், வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்த சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022இல் மதுரை நீதிமன்றம் கோகுல்ராஜ் வழக்கில் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பையன்களின் மண்டையில் என்ன இறங்கியது என்பதை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். மேலே ஒரு வீடியோ, கீழே அவன் எழுதியது. வீடியோவில் நோம்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) வைத்த கட்டவுட், சிங்கம் படம், வாள், பின்னணியில் சாதிப் பாட்டு. அதை 14 வயதுப் பையன் எடிட் செய்யவில்லை. செய்தவர்கள் மீசை வைத்த பெரியவர்கள். அவன் அதைப் பகிர்ந்து, மேலே நான்கு வரி சேர்த்திருக்கிறான். அந்த நான்கு வரியும் ஒறம்பரை (உறவுக்காரர்) வீட்டுத் திண்ணையில் அவன் காதில் விழுந்த பேச்சுதான். எழுத்துப்பிழைகூட அப்படியே பேச்சு வாக்கில் இருக்கிறது. கீழே லைக் போட்டவர்களில் அவனைவிட மூத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் யாருக்கும் இன்றைக்கு வேலை போகப்போவதில்லை. நீங்களும் அதில் இருக்கிறீர்களா என்று நான் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்வது அவனை முழுக்க விடுவிக்க இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு, தான் எழுதுவது பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி என்பது தெரியும். அவன் வகுப்பில் அந்த வளவிலிருந்து வந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்கள் அதைப் படித்திருப்பார்கள். படித்துவிட்டு அடுத்த நாள் அதே வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்களும் மாணவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் மணிக்கட்டுக் கயிறிலிருந்து பள்ளிப் பெயர்ப் பலகை வரை எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று எழுதியது. கைக்கயிற்றின் நிறத்தில் ஆரம்பிப்பது அரிவாளில் முடிவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 'சின்னப் பையன், தெரியாம எழுதிட்டான்' என்று ஒரே வரியில் தள்ளிவிட நம்மால் முடியாது. தள்ளவும் கூடாது.

பையன்கள் இன்றைக்கு எழுதுவது இன்னொரு தினுசு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த பிகார், ஒடிசா ஆட்களை வைத்து 'வடக்கன்' மீம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகார்காரர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்து ஊருக்கு ரயில் ஏறினார்கள். அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டே மீம் பகிர்ந்த பத்தாம் வகுப்புப் பையன்களில் யாராவது நாளைக்கு ஐபிஎல் போவான். அங்கே அவனுக்கு ஸ்லிப்பில் நிற்பவன் பாட்னாக்காரனாக இருப்பான். உங்கள் வீட்டுக் கதை இத்தோடு முடியாது, வரிசையாக வரப்போகிறது.

இனி விசாரணைக்கு வருகிறேன். மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார் என்றால் அது நல்லதுதான். கேள்வி கேட்க அணிக்கு உரிமை உண்டு. அவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவன் இன்றைக்கும் அப்படி நினைக்கிறானா? அதற்குப் பிந்தைய ஏழு வருடத்தில் அவன் எழுதியது, பேசியது, யாரோடு ஆடினான், யாரோடு சாப்பிட்டான், அணியில் கீழ்ப்படுத்தப்பட்ட சாதியிலிருந்து வந்த பையனை எப்படி நடத்தினான் என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். அவனுடைய பழைய கேப்டனையும் கூட ஆடியவர்களையும் கூப்பிட்டுக் கேட்கட்டும். 20 வயதிலும் அதே பாட்டை ஸ்டேட்டஸ் வைத்திருந்தான் என்றால் நான் இதுவரை எழுதியது எதுவும் அவனைக் காப்பாற்றாது. 18 தாண்டிப் போட்டது தனிக் கணக்கு. எந்த வயதிலானாலும் ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தைப் பரப்பியது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கொல்வேன் என்று மிரட்டியது போன்றவை கருத்துப் பதிவே கிடையாது. பாதிக்கப்பட்டவர் அதற்குச் சட்டத்தின் கதவைத் தட்டலாம், அணி அதற்கு ஒத்துழைக்க வேண்டும். வளர்ந்த ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் இருக்கும்போது பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே 2019இன் ஹர்திக் பாண்டியா, கே.எல். ராகுல் விவகாரம் இருக்கிறது: டிவி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றிப் பேசியதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள், ஆளுக்கு 20 லட்சம் அபராதம் போட்டார்கள். அந்தப் பணத்தில் பாதி பணியில் இறந்த துணை ராணுவக் காவலர்களின் குடும்பங்களுக்கு, பாதி பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு. அங்கே ஆளுக்கும் வயது இருந்தது, விதிக்கும் அதிகாரம் இருந்தது.

வயது என்று சொல்லும்போது ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். விசாரணைகளில் இது பலரையும் குழப்புகிறது. 13 வயதுக்குக் கீழே இருந்தால் ஃபேஸ்புக் கணக்குத் தொடங்க விடாது. நம் பிள்ளைகள் அஞ்சாவது, ஆறாவதிலேயே தொடங்குகிறார்கள். பிறந்த வருடம் கேட்கும் இடத்தில் விரலால் தள்ளி ஏதோ ஒன்றில் நிறுத்துவார்கள்: 1995, 1990. உங்கள் பையன் 2004இல் பிறந்தவன். கணக்கில் 1996 என்று இருக்கிறது, நானே பார்த்தேன். அந்தக் கணக்கை வைத்துக் கூட்டினால், பதிவு போட்ட அன்றைக்கு அவனுக்கு 22 வயது. 'எழுதும்போதே வளர்ந்த ஆள்' என்று யாராவது சொல்லி, அந்தப் பக்கத்தையே சாட்சியாக நீட்டினால் கமிட்டியில் இருப்பவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அதனால் பேச்சு பிறப்புச் சான்றிதழில் ஆரம்பிக்க வேண்டும். அதோடு ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டை அல்லது பள்ளிச் சான்று ஒன்று இருந்தால் தேதிக்குத் தேதி பொருத்திக் காட்டலாம்.

இந்த இடத்தில் எனக்குக் கோபமே வரும். 16 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு ஒரு பையன் வந்தால், அவன் உண்மையில் 16க்குக் கீழேதானா என்று அறிய இந்தியக் கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கிறது. டி.டபிள்யூ.3 முறை என்பார்கள். இடது கை, மணிக்கட்டு எலும்புகள் எவ்வளவு முற்றியிருக்கின்றன என்று பார்த்து வயதைக் கணிப்பது. எத்தனை அப்பாக்கள் அந்த எக்ஸ்ரே முடிவுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள்! எந்தப் போட்டியில் ஆடலாம் என்பதற்கு எலும்பு வரை வயதைத் தேடுகிற விளையாட்டு உலகம், எதற்குத் தண்டிக்கலாம் என்று வரும்போது வயதையே கேட்காமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. '14 வயதில் மாவட்டத்துக்கு ஆடுகிற அளவு முதிர்ச்சி இருந்ததே' என்று சிலர் வாதம் செய்வார்கள். இன்ஸ்விங் போடுகிற மணிக்கட்டும் அடுத்தவன் வலியை உணர்கிற மனசும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பிள்ளைகளை மேய்த்த எந்த வாத்தியாரும் இதைச் சொல்வார்.

அழிப்பது பற்றி. பதிவை எடுக்கத்தான் வேண்டும். அது அங்கே இருக்கும் வரை தினமும் யாரையோ குத்திக்கொண்டிருக்கும். ஆனால் எடுக்கும் முன் தேதி தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதை நீங்களே மேனேஜரிடம் கொடுங்கள். மறைக்கிறான் என்ற பேச்சு அதோடு போய்விடும். பழைய கணக்குக்குள் போக முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சித்தப்பா பையன் சிம்மில் தொடங்கியது, அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. கிராமத்துப் பையன்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். நகரத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா ஆள் வைத்துப் பழைய கணக்குகளைச் சுத்தம் செய்துவிடுகிறார். தோட்டத்து வீட்டுப் பையனுக்குக் கடவுச்சொல்கூட நினைவில்லை. பழைய பதிவுக்குத் தண்டனை என்று விதி போட்டால் மாட்டுவது யார் என்று இதிலிருந்தே தெரியும். அடையாள அட்டையைக் கொடுத்து ஃபேஸ்புக்கிடம் கணக்கை மீட்கக் கேட்கலாம், அதை உடனே ஆரம்பியுங்கள். கலிஃபோர்னியாவில் 2015 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: 18க்குக் கீழே இருப்பவர்கள் தாங்கள் போட்டதை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தச் சட்டத்தாலும் அடுத்தவர் எடுத்து வைத்த நகலை ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கிரீன்ஷாட் போன இடத்தைத் துரத்தி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மன்னிப்பை அவனே எழுதட்டும். நீங்கள் எழுதாதீர்கள், என்னையும் எழுதச் சொல்லாதீர்கள். 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்ற வரி வேண்டவே வேண்டாம். புண்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை, யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. என்ன எழுதினேன், யாரைப் பற்றி எழுதினேன், அது பொய், அது கேவலம், இன்றைக்கு நான் அப்படி நினைக்கவில்லை. அவ்வளவு போதும். வயதைக் காரணமாக அவன் வாயால் சொல்ல வேண்டாம். வயதைப் பேசுவது விசாரணையில் என் போன்றவர்களின் வேலை.

அதே பதிவில் இன்னொரு வரி கட்டாயம் வர வேண்டும். அவனைச் சிங்கம் என்று தூக்கிவைக்கிறவர்களைப் பார்த்து, 'எனக்கு உங்க ஆதரவு வேண்டாம், என்ற படத்தை உங்க பேனர்ல போடாதீங்க' என்று பெயர் போட்டுச் சொல்ல வேண்டும். இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். வீட்டில் சண்டை வரும். பங்காளிகள் பேச்சை நிறுத்துவார்கள், அடுத்த நோம்பியில் முகம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அவன் மாறியிருக்கிறான் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி இல்லை. தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே ஒருவன் சொல்கிற வார்த்தையைக் கமிட்டி நம்பும். வளவிலிருப்பவர்களும் நம்புவார்கள்.

அவர்களிடம் அவன் நேரில் போக வேண்டும். கூட்டமாக வேண்டாம், கேமரா வேண்டாம், மாலை சால்வை எதுவும் வேண்டாம். கூடப் படித்த நண்பன் யாராவது அந்தப் பக்கம் இருப்பான், அல்லது இரண்டு பேருக்கும் பாடம் எடுத்த டீச்சர் இருப்பார். அவர் மூலமாக முதலில் கேட்டுவிடுங்கள்: வரலாமா? வேண்டாம் என்றால் போகக் கூடாது. வரச்சொன்னால் போய், அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வரட்டும். மன்னித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்ல வேண்டிய கடமை இல்லை. சொல்லாவிட்டால் அதை ஏற்றுக்கொண்டு திரும்பி வர வேண்டும். அவர்கள் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்கட்டும். இதை நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிற ஊரில்தான் நாம் இருக்கிறோம். அந்தச் சந்திப்பைப் பற்றி அணியிடமோ பத்திரிகையிடமோ எதுவும் சொல்ல வேண்டாம்.

அணிக்காரர்களுக்கும் அகாடமிக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பத்து வயதில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, மாதம் மாதம் ஃபீஸ் வாங்கி, காலை ஐந்தரைக்கு ஓட விட்டு, முழங்கை எத்தனை டிகிரி மடங்குகிறது என்பது வரை பார்க்கிறார்கள். அவன் போனில் என்ன பகிர்கிறான், கூட ஆடும் பையனை என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறான் என்று பார்ப்பதில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் இந்திய அணிக்குப் போன பிறகு நம் பக்கம் ஊருக்கு ஊர் வலை கட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், சந்தோஷம். வாரத்தில் அரை மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்து இதைப் பேசினால், பத்து வருடம் கழித்து ஒரு மேனேஜர் இந்த மாதிரி நாற்காலி போட்டு யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது. மேனேஜரிடம் பேசும்போது, தண்டனைக்குப் பதிலாக இந்த வேலையை அவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்: உங்கள் தாலுகாவில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் முன்னால் போய், தான் என்ன எழுதினேன் என்று அவனே சொல்லட்டும். அவன் சம்மதித்தால் மட்டும். கட்டாயப்படுத்தினால் அதுவும் தண்டனையாகிவிடும்.

அக்கா 'இந்த வருசம் ஆடவே வேண்டாம், ஊட்டோட இருக்கட்டும்' என்கிறார் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். வேண்டாமுங்க. தானாக விலகினால் குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனையைத் தானே போட்டுக்கொண்ட மாதிரி ஆகும், அணியும் யோசிக்காமல் சரி என்றுவிடும். அவன் ஆடட்டும். மேனேஜரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள், ஆனால் பேசுவது அவனாக இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, தேதியோடு எடுத்த படம், அவன் கைப்பட எழுதிய மன்னிப்பு, இந்த நான்கையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். என்ன நடவடிக்கை என்றாலும் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்ல நாள் கொடுக்காமல் நீக்கினால், அந்தக் கடிதத்தோடு என்னிடம் வாருங்கள்.